கதவுக்கு நிற்கிறவள்

சகாயராணிக்குத் தண்ணீர் குடிக்காமல் இருக்கத் தெரியும். இதை ஒரு கெட்டிக்காரத்தனமாகவே அவள் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். காலையில் வீட்டில் ஒரு டம்ளர் சாயா. அப்புறம் சாயங்காலம் தையல் மெஷினை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துதான் சொம்பைத் தூக்குவாள். நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்து ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு, கன்னத்தில் ஒரு புளிப்பு மிட்டாயை ஒதுக்கிக்கொள்வாள். புதிதாக வேலைக்கு வருகிறவள் பாட்டிலும் கையுமாக ஏறி வந்தால், "ஏட்டி, நீ தைக்க வந்தியா, தண்ணி குடிக்க வந்தியா?" என்பாள். கூட இருக்கிறவர்களும் சிரிப்பார்கள். என்ன பெருமை பாருங்கள்!

காரணம் இல்லாமல் இல்லை. தாராவியில் நம்பிராஜன் அண்ணாச்சியின் தையல் பட்டறை இருந்தது ஒரு மாடியில். தலைக்கு மேலே வெறும் தகரம். தைப்பது பள்ளிக்கூட யூனிஃபார்ம். ஜூனில் பள்ளி திறக்கும் என்பதால், ஊரே வெயிலுக்குப் பயந்து ஒதுங்குகிற ஏப்ரல், மே மாசங்களில்தான் அங்கே மூச்சு விட நேரம் இருக்காது. ஃபேன் ஓடும், ஓடி, தகரத்தின் சூட்டை வாரி முகத்திலேயே கொட்டும். பெண்கள் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். அதுவும் கொஞ்ச நேரத்தில் காய்ந்து மொடமொடவென்று ஆகிவிடும்.

குடிக்கத் தண்ணீர் இல்லையா என்றால், இருந்தது. குடித்தால் போவதற்குத்தான் இடம் இல்லை. கீழே இறங்கி, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் காசு வாங்கிக்கொண்டு விடுகிற ஒரு பொதுக் கக்கூஸ், பம்பாய்ப் பேச்சில் சண்டாஸ். பெண்கள் பக்கத்தில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஒருத்தி இருந்தால் வெளியே ஒருத்தி கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் பட்டறையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜோடி உண்டு. புதிதாக வருகிறவளிடம் பேர் கேட்பதற்கு முன்னால், "உனக்குக் கதவுக்கு யாரு?" என்றுதான் கேட்பார்கள். ஒருத்திக்கு அவசரம் என்றால் இரண்டு மெஷின் நிற்கும். அண்ணாச்சி திட்ட மாட்டார். மாடிப்படி அடியில் நின்றுகொண்டு, "ரெண்டு பேருமா தாயி?" என்று ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் தாகத்தோடு கிடப்பதே மேல் என்று பெண்கள் வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

சகாயராணிக்குக் கதவுக்கு நின்றவள் விஜயராணி. சகாயராணி உவரிக் கடற்கரைக்காரி, வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். விஜயா வள்ளியூர்ப் பக்கம், இசக்கியம்மன் கும்பிடுகிறவள். இரண்டு பேரும் கல்யாணம் ஆன கையோடு பம்பாய்க்கு வந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து மெஷின். சகாயராணி வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தபோதும், மாசத் தீட்டு நாட்களிலும், வயிற்றுப்போக்கில் நாலு தரம் ஓடிய அன்றைக்கும், மழைத்தண்ணீர் கணுக்காலுக்கு ஏறி நின்றபோதும், அந்தக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் விஜயாதான். ஒருநாள் குடிகாரன் ஒருத்தன் தடம் மாறிப் பெண்கள் பக்கம் வந்துவிட, விஜயா கதவை விடாமல் இன்னொரு கையால் செருப்பைக் கழற்றி அவனை ஓட ஓட விரட்டினாள். கூடப் பிறந்தவளிடம் சொல்லக் கூச்சப்படுகிறதெல்லாம் விஜயாவுக்குத் தெரியும். அந்த மாதிரி ஒரு நம்பிக்கை.

போன வருஷ ஏப்ரலில் சகாயராணிக்கு நீர்க்கடுப்பு வந்தது. இதென்ன, வெயில் காலத்தில் எல்லாருக்கும் வருகிறதுதானே என்று சீரகத் தண்ணீரில் ஓட்டினாள். அப்புறம் குளிர்காய்ச்சல். ஒருநாள் ஒரு சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தவள் அப்படியே மெஷின் மேல் கவிழ்ந்துவிட்டாள். புருஷன் மரியசூசை செம்பூரில் ஒரு ஆபீஸுக்கு வண்டி ஓட்டுகிறவர். போட்டது போட்டபடி ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

டாக்டர் சின்னப் பெண்தான், ஆனால் வைத வசவு வார்டுக்கே கேட்டது. "தண்ணீர் குடிக்காமல் இருக்கிறது என்ன, விரதமா?" என்று இந்தியில் கத்தினாள். கிட்னியில் ஏற்கெனவே பழுது விழுந்திருக்கிறது, இன்னொரு வெயில் காலத்தை இப்படியே கழித்தால் அப்புறம் ஊசி மருந்தால் ஆகாது, மெஷினில்தான் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும் என்றாள். தாகம் எடுக்கிறவரை காத்திருக்காதே, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடி, வேர்த்துக் கொட்டினால் மோரில் உப்புப் போட்டுக் குடி, அடக்கவே அடக்காதே என்றாள். அந்தக் கடைசி வார்த்தையில் சகாயராணிக்கு அழுகை வந்துவிட்டது. அடக்காமல் எங்கே போவாள்?

அண்ணாச்சியின் ஆபீஸ் பட்டறைக்குக் கீழேயே இருந்தது. கூலர் வைத்த அறை. அதை ஒட்டி வெள்ளை ஓடு பதித்த சண்டாஸ் ஒன்று, எப்போதும் பூட்டியே கிடக்கும். உடம்பு தேறி வேலைக்குப் போன அன்றைக்கே அவள் நேரே அங்கே போனாள். "அண்ணாச்சி, வெயில் முடியிற மட்டும் பொம்பளைங்களை அதுல போக விடுங்க. நாங்களே கழுவிப் போட்டுருதோம்" என்றாள்.

அண்ணாச்சி பதமாகத்தான் பேசினார். "அது ஆர்டர் குடுக்கிற பார்ட்டிங்க வந்தா போறதுக்கு தாயி. நீயும் நம்ம ஊர்க்காரி, உனக்குத் தெரியாததா?"

ஊர்ப் பாசத்தை இப்படியும் உபயோகிக்கலாம் போலிருக்கிறது. சகாயராணி வயிற்றெரிச்சலோடு திரும்பி வந்தாள். தனியாகக் கேட்டால் இதுதான் கதி, எல்லாரும் சேர்ந்து எழுந்தால் என்ன செய்துவிடுவார் என்று ஒரு யோசனை வந்தது. யூனிஃபார்ம் வேலை நெருக்குகிற நேரத்தில் மாடியையே காலி பண்ண முடியுமா அவரால்?

பெண்களிடம் மெல்லப் பேசினாள். திங்கட்கிழமை காலைச் சாயாவுக்கு அப்புறம் எல்லாரும் ஒன்றாக எழுந்து, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஜோடி ஜோடியாக இறங்கிப் போக வேண்டும். யாரும் யாரையும் அனுமதி கேட்கக் கூடாது. எல்லாரும் சரி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து விஜயா வீட்டில் உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் இன்னொரு தடவை இதேபோல் இறங்குவது என்று இரண்டு பேருமாகத் தீர்மானித்தார்கள். அதை மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. முதல் தடவை நல்லபடியாக நடக்கட்டும், இப்போதே சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று சகாயராணிக்கு நினைப்பு.

"நீ எந்திக்கா, நான் பின்னாலேயே வாரேன். இசக்கியம்மன் மேல சத்தியம்" என்றாள் விஜயா. சத்தியத்தை யார் கேட்டது? கேட்காமலேயே செய்தாள்.

திங்கட்கிழமை சாயா டம்ளர்கள் போனதும் சகாயராணி எழுந்தாள். பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடித்தாள். எவ்வளவு நாளாயிற்று இப்படிக் குடித்து! தொண்டை, நெஞ்சு, வயிறு என்று குளிர்ச்சி இறங்குவது தெரிந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "வாங்கட்டி" என்று படியைப் பார்த்து நடந்தாள்.

பின்னால் ஒரு காலடிச் சத்தமும் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். விஜயா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் எல்லாரும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு விஜயாவையே பார்த்தார்கள். அவள் எழுந்தால் எழுவதற்குத்தான் காத்திருந்தார்கள். விஜயா நிமிரவே இல்லை. ஒவ்வொருத்தியாகப் பாட்டிலைக் கீழே வைத்தார்கள்.

"ஏட்டி விஜயா!" என்றாள் சகாயராணி. மெஷின் இன்னும் வேகமாக ஓடியது.

சரி, பயந்துவிட்டாள் போலிருக்கிறது, பாவம் என்றுதான் அப்போதும் நினைத்தாள். என்ன பேதை மனசு! கீழே இறங்கினால் அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், காத்திருந்த மாதிரி.

"வா தாயி. இப்போ ஒருக்க, மத்தியானச் சோத்துக்கு அப்புறம் இன்னொருக்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார். "எதுக்கு ரெண்டு நடை? மெதுவாப் போயிட்டு அப்படியே வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடு. மாடி ஏற வேண்டாம்."

மத்தியானச் சோற்றுக்கு அப்புறம். அது இரண்டே பேருக்குத்தான் தெரியும்.  மாடி ஏறிப் போய் விஜயாவின் மயிரைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருப்பாள். ஆனால் குடித்த தண்ணீர் வயிற்றை முட்டிக்கொண்டு நின்றது. சண்டை போடக்கூட உடம்பு நேரம் கொடுக்கவில்லை.

தனியாகத்தான் அந்தச் சந்தில் நடந்தாள். கதவுக்கு யாரும் இல்லை. கதவில் தாழ்ப்பாள் பிடுங்கிப்போன ஓட்டையில் முந்தானையைக் கோத்து, உள்ளே குத்தவைத்தபடி அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வெளியே யாரோ கதவைத் தள்ளினார்கள். "ஆள் இருக்கு, ஆள் இருக்கு!" என்று கத்தினாள். குரல் உடைந்துபோய், அடுத்த மூச்சில் கேவி அழுதாள். அந்த நாற்றத்தில் உட்கார்ந்து ஒரு மனுஷி நெஞ்சு வெடிக்க அழுதாள் என்றால், அது வேலை போனதற்காக இல்லை.

அண்ணாச்சி பேச்சு மற்றப் பட்டறைகளுக்கும் போயிற்று. வம்புக்காரி என்று யாரும் மெஷின் கொடுக்கவில்லை. தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலையை வீட்டுக்கு வாங்கி வந்து செய்தாள். மரியசூசை, "போகட்டும் விடு, தண்ணியையாவது நேரத்துக்குக் குடி" என்றார். குடித்தாள். வீட்டுப் பக்கத்துச் சண்டாஸில் தாழ்ப்பாள் நன்றாகவே இருந்தது. ஜன்னலில் ஈரச்சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, மோரும் நன்னாரியுமாகக் குடித்ததில் உடம்பு தேறி வந்தது. மனசுதான் தேறவில்லை. கத்தரியைப் பிடித்தபடியே, அவள் ஏன் அப்படிச் செய்தாள், ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

மே மாசம் ஒரு மொட்டை வெயிலில் விஜயாவே வந்து வாசலில் நின்றாள். முகமெல்லாம் வேர்வை. சகாயராணி நூல் பிசிறை வெட்டிக்கொண்டே இருந்தாள். விஜயா தானாகவே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குச் சுகர் வந்துட்டுக்கா. கொஞ்ச நாளாவே அடக்க முடியல. ரெண்டு தடவை மெஷின்ல இருந்தபடியே ஆயிட்டு. உங்கிட்டகூட எப்படிச் சொல்ல? நீ எங்க வீட்டுல இருந்து போனதும் அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலமே அண்ணாச்சி வீட்டுக்குப் போயி, எனக்கு மட்டும் ஆபீஸ் சண்டாஸைத் திறந்து விடுங்கன்னு கெஞ்சினேன். மாடியில என்ன பேசிக்கிடுதீங்கன்னு கேட்டாரு. சொன்னாத் தாரேன்னாரு."

"சொல்லிட்ட."

"சொல்லிட்டேன்."

சகாயராணி கத்தரியைக் கீழே போட்டாள். "அதைத்தானட்டி நானும் கேட்டேன்! உனக்கும் சேத்துத்தானட்டி கேட்டேன்!"

விஜயா தன் புது வேலையைப் பற்றிச் சொன்னாள். இப்போது கூலர் பக்கத்தில் உட்கார்ந்து செக்கிங் பார்க்கிறாளாம். ஆபீஸ் சாவி மேசையிலேயே இருக்குமாம். "நீயும் வந்துருக்கா. உனக்கும் பேசி வாங்கித் தாரேன். நம்ம ரெண்டு பேருக்குன்னா அண்ணாச்சி மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

"மேல இருக்கவளுக?"

"அத்தனை பேருக்கும் எப்படிக்கா தருவாரு?" என்றாள் விஜயா. கேட்டுவிட்டு, தொண்டையைத் தடவிக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி தாயேன்" என்றாள்.

எவ்வளவு கோபம் இருந்தாலும் தண்ணீர் இல்லை என்று சொல்ல சகாயராணிக்கு வாய் வராது. எழுந்து போய்ப் பானையில் மொண்டு சொம்பு நிறையக் கொடுத்தாள். விஜயா அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். பாதியில் நிறுத்தி யோசிக்கவில்லை. வாயை மட்டும் நனைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சொம்பைக் காலி பண்ணிவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்று நீட்டினாள்.

இத்தனை வருஷத்தில் விஜயா இப்படிப் பயமில்லாமல் தண்ணீர் குடித்து சகாயராணி ஒருநாளும் பார்த்ததில்லை. சொம்பை வாங்கி மறுபடியும் நிரப்பிக் கொடுத்தாள். "குடிச்சிட்டுப் போ, விஜயா. இனி வராத" என்றாள்.