அண்ணனிடம் பிடுங்கிக் கொடுத்த கார்

மாப்பிள்ளை அழைப்புக்கு என் காரை ஜோடித்திருந்த படம் வாட்ஸ்அப்பில் வந்தபோது, நான் மத்தியப் பிரதேசத்தில் ஒரு காட்டு ஓரம், துளை போடும் ரிக் வண்டி கக்கிய புழுதிக்குள் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் போர்வெல் தொழில். அன்றைக்கு எவ்வளவு ஆழம் இறங்கியும் தண்ணீர் வரவில்லை. நிலத்துக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புக் காரின் முன்பக்கம் முழுக்கச் சாமந்தி மாலை. ஓட்டுகிற இடத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மைத்துனருக்குக் கல்யாணம். படத்தை அனுப்பிய உறவுக்காரர் கீழே, "கார் உன்னுது, சவாரி உங்கண்ணனுது" என்று எழுதியிருந்தார். விளையாட்டாகத்தான் எழுதியிருப்பார்.

தொழில் நன்றாக ஓடிய ஒரு வருஷத்தில் நான் வாங்கிய கார் அது. ஜெர்மன் கார். பெங்களூரில் ஒருவர் சில வருஷம் ஓட்டிவிட்டு விற்றது. தோல் இருக்கை, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காது. வாங்கிய சில மாதங்களிலேயே அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்துக்கு மூன்று நாள் சேலத்துக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். அப்பா வெண்ணந்தூரில் அண்ணன் வீட்டில் இருந்தார். "வண்டி இங்க சும்மாதான் நிக்குது, அப்பாவுக்கு ஆகட்டும்" என்று நானே கொண்டுபோய் விட்டேன். இரண்டு வருஷம் அண்ணன்தான் ஓட்டினார். மாடு கறந்து, பாலை ஊற்றிவிட்டு, அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். நான் வடக்கிலிருந்து போன் செய்வேன். வண்டி எப்படி ஓடுகிறது என்று முதலில் கேட்பேன். அப்பா எப்படி இருக்கிறார் என்பது இரண்டாவது கேள்வியாகத்தான் இருந்திருக்கும்.

அப்பா இறந்தது அந்தக் காரில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், அண்ணன் கண்ணாடியில் பார்த்துப் பேசிக்கொண்டு வரும்போதே போய்விட்டார். நான் வந்து சேர மறுநாள் மதியம் ஆயிற்று. துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "மகன்னா இப்படி இருக்கோணும் சாமி" என்றார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

கல்யாணப் படம் வந்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து. அந்த வாரமே ரயில் ஏறினேன். காரை அண்ணனிடமிருந்து வாங்கி என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். விற்றால், அண்ணனுக்கே விட்டிருக்கலாம் என்பார்கள். திருச்செங்கோட்டில் என் வீட்டுக்கு ஓட்டிவந்து நிறுத்தினால் கஞ்சன் என்பார்கள். தர்மத்துக்குக் கொடுத்தால் ஒருவரும் வாய் திறக்க முடியாது. சேலத்தில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டிருந்தேன்.

"சாவியக் குடுங்கண்ணா" என்றேன், வாசலில் நின்றபடியே.

"வந்ததும் வராததுமா எங்கடா போறே? டீசல் கம்மியா இருக்குது, அடிச்சுக்கிட்டுப் போ."

"வண்டியக் குடுத்தரப் போறேன். ராசிபுரத்துப் பக்கம் நோயாளிங்கள வெச்சுப் பாக்கற இல்லம் ஒண்ணு இருக்குதல்லோ, அதுக்கு."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து நின்றார். அண்ணன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கல்யாணத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும்.

"நல்ல காரியந்தான். ஒரு வாரம் பொறு. சர்வீஸ் உட்டுத் தாரேன்."

"வேண்டாங்கண்ணா. இப்பவே."

அவர் காரைத் திறந்து, பின் இருக்கையிலிருந்து அப்பாவின் துண்டையும், கழுத்துக்கு வைக்கும் சின்னத் தலையணையையும் எடுத்துக்கொண்டார். சாவியை நீட்டினார். வைப்பர் இடுக்கில் ஒரு சாமந்தி இதழ் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் வண்டியை எடுத்தபோது அண்ணன் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்றிருந்தார்.

இல்லத்தை நடத்துபவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ரொம்பத் தாழ்வா இருக்குதுங்களே, எங்க ஆளுங்களுக்கு ஏறி எறங்கத் தோதுப்படுமுங்களா?" என்று தயங்கினார். பழகிவிடும் என்று சொல்லி ஆர்.சி. புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். படம் எடுத்தார்கள். நாளிதழில் சின்னதாகச் செய்தி வந்தது. அதை அண்ணன் பார்த்தாரா என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

ஒரு வருஷம் கழித்து, ஊரில் இருந்த ஒரு நாள், கொடுத்த கார் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். ஷெட்டில் இல்லை, சேலம் போயிருந்தது.

"உங்கண்ணன் இல்லீன்னா அது ஓடியே இருக்காதுங்க" என்றார் நர்ஸம்மா. "முடியாதவங்கள எப்படி உள்ள உக்கார வெக்கறதுன்னே எங்க டிரைவருக்குத் தெரியல. நீங்க குடுத்த அடுத்த வாரமே உங்கண்ணன் வந்தாருங்க. மொதல்ல உக்கார வெச்சு, அப்பறம் காலத் தூக்கி உள்ள வெக்கோணுமுன்னு, அவரே உக்காந்து காட்டுனாரு. வெள்ளிக்கிழமையானா அவரேதான் ஓட்டறாருங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க" என்றேன்.

அங்கிருந்து நேராக வெண்ணந்தூர் போய், அண்ணன் வரும்வரை காத்திருந்தேன். அவர் வந்து, செருப்பைக் கழற்றியபடி, "வாங்க, எப்ப வந்தீங்க?" என்றார். பிறந்ததிலிருந்து என்னை வாடா போடா என்று கூப்பிட்டவர். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். மக்காச்சோளம் எப்படி என்று கேட்டேன். படைப்புழு விழுந்துவிட்டது என்றார். அண்ணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் காரின் கியர்பாக்ஸ் போய்விட்டது. சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டுமாம், இல்லத்துக்குக் கட்டுபடியாகாது. நர்ஸம்மா எனக்குப் போன் செய்து, "குடுத்த தர்மத்த வித்துப்போட்டாங்கன்னு நெனச்சுக்காதீங்க" என்று மிகவும் சங்கடப்பட்டார். தாராளமாக விற்கச் சொன்னேன். அதை விற்று, மேலும் இரண்டு பேர் உதவியோடு, உயரமான கூரை வைத்த வேன் ஒன்றை வாங்கினார்கள். முதலிலேயே அவர்களுக்கு வேண்டியிருந்தது அப்படியொரு வண்டிதான். நான் கேட்கவே இல்லை.

போன மாதம் மல்லூர் பக்கம் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் அந்த வேன். இறங்கிப் போய் ஜன்னல் ஓரம் நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்து, "ஊருக்கு வந்தாச்சுங்களா?" என்றார். பின்னால், டயாலிசிஸ் முடிந்து கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்த ஒரு அம்மா, "ஆருங்க சாமி இது?" என்று கேட்டார்.

"என்ற தம்பிங்க" என்றார் அண்ணன். "உங்களுக்கு மொதல்ல கார் குடுத்தது இவருதானுங்க."

அந்த அம்மா இரண்டு கையையும் சிரமப்பட்டுத் தூக்கி என்னைக் கும்பிட்டார். அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ரயில் வந்துவிட்டது, அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. அது கடந்து போனதும் கேட்டைத் தூக்கிவிட்டார்கள். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன், "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.