பிடுங்காத டாக்டர்

வாய்க்குள் பார்க்கிற கண்ணாடிக் குச்சியின் பின்பக்கத்தால் டாக்டர் பல்லை லேசாகத் தட்டுகிறார். தட்டும்போது பல்லைப் பார்ப்பதில்லை. வந்தவரின் கண்ணைத்தான் பார்க்கிறார். ஒன்று, அடுத்தது, அதற்கும் அடுத்தது. கண்ணோரம் சுருங்கியதும் கை நின்றுவிடும். "ஆள் மாட்டிக்கிட்டான்" என்பார்.

எல்லோரும் ரூட் கெனால் என்று சொல்லும் வேலை ஒன்றுதான் அவர் செய்வது. ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம். சுழல் முக்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. அதற்கென்று கீழே ஒரு பலகை போட்டிருக்கிறார். மாடியேறி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கன்னத்தைப் பிடித்தபடி, "பிடுங்கிப் போட்டுடுங்க டாக்டர், விட்டது சனியன்" என்றுதான் உட்காருவார்கள்.

"பிடுங்குறது எப்ப வேணா பிடுங்கலாம். உள்ள குடியிருந்த நரம்புதான் செத்துப்போச்சு, வீடு நல்லாத்தான் இருக்கு. காலி பண்ணிக் கழுவிவிட்டுப் பூட்டிடலாம். இருந்துட்டுப் போகட்டும்" என்பார் அவர்.

கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர் அவருக்கு வைத்த பெயர் 'பிடுங்காத டாக்டர்'. "பல்லுக்குப் படிச்சிட்டுப் பல்லைப் பிடுங்க மனசு வராத ஒரே ஆளு எங்க மேடம்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்தப் பெயர் டாக்டரின் காதுக்கும் வந்தது. கோபப்படவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

தலைமுடியைவிடச் சன்னமான ஊசிகள். அவற்றைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி உருட்டி வேருக்குள் இறக்குவார். மூக்கின் மேல் பூதக்கண்ணாடி. விரல்களில் எப்போதும் துணி வெளுக்கிற மருந்தின் வாசனை. வேலை நடக்கும்போது பல்லோடு பேசுவது அவர் வழக்கம். "வழி விடு… இன்னும் கொஞ்சம்… எங்க போய் ஒளிஞ்சிருக்க?" தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருப்பவர் "ஆங்?" என்பார். வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட கையில் ஒரு கரண்டிக் காம்பு இருக்கும். விரல்கள் அதை உருட்டிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவரிடம்தான் அவருடைய அண்ணன் வந்தார்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் வைத்துக்கொண்டதே இல்லை. மைதானத்தின் இந்தக் கோடியில் அவர் ஒரு குரல் கொடுத்தால் அந்தக் கோடியில் ஓடுகிறவன் சட்டென்று நிற்பான். சிகரெட்டைத் தொட்டதில்லை, புகையிலை வாசனை பட்டாலே குமட்டும். அவருக்கு நாக்கின் ஓரத்தில் புற்று வந்தது. திட்டுவதற்குக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லை என்பதுதான் தங்கைக்கு ஆற்றாமை. பாதி நாக்கை எடுத்தார்கள். பிறகு தாடைக்குக் கதிர்வீச்சு. குணமாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள். ஆனால் வாயில் எச்சில் வற்றிப்போனது. தாடை இறுகி, ஒரு விரல் நுழையும் அளவுக்கே வாய் திறந்தது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவர் வாசல் தாண்டுவதில்லை.

இப்போது வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. "புடுங்கிடு பாப்பா" என்றார். வார்த்தைகள் குழைந்துதான் வந்தன. தங்கைக்குத் தலை நரைத்த பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"பிடுங்கக் கூடாதுண்ணா. கரண்ட் வச்ச தாடை. பிடுங்கின இடத்துல எலும்பு ஆறாது, அப்படியே அழுகிடும்."

மற்றவர்களுக்குப் பிடுங்காமல் இருப்பது அவருடைய விருப்பம். அண்ணனுக்கு வேறு வழியே இல்லை.

அந்த இடுக்கு வாய்க்குள் விரலையும் ஊசியையும் ஒன்றாக நுழைப்பதே பெரும்பாடு. குட்டை ஊசிகளாகத் தேடி வாங்கிவந்தார். கொஞ்ச நேரம் வேலை, அண்ணன் கை காட்டியதும் நிறுத்தி ஒரு வாய் தண்ணீர், மறுபடி வேலை. ஒரே மூச்சில் முடிகிற காரியமாக இல்லை. நரம்பை எடுத்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். வலி பாதி குறைந்தது.

அடுத்த முறை அவர் வருவதற்கு முந்தின நாள் அண்ணி போன் செய்தாள். ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். நுரையீரலில், ஈரலில், முதுகெலும்பில் என்று புற்று பரவியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இனி வைத்தியம் எதுவும் வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அவருக்குத் தெரியுமா அண்ணி?"

"அவர்தான் என்கிட்ட சொன்னாரு" என்றாள் அண்ணி.

மறுநாள் அண்ணன் சரியான நேரத்துக்கு மாடியேறி வந்தார். சட்டை தோளில் மாட்டிய சட்டை மாதிரி இல்லை, கொடியில் காயப்போட்டது மாதிரி இருந்தது. படியேறிய மூச்சிரைப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நாற்காலியில் சாய்ந்துகொண்டு தங்கையைப் பார்த்தார்.

"அண்ணி சொன்னாளா?"

"ம்."

"அப்ப இது எதுக்கு?"

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்றார் கடைசியில்.

"சரி. அரைகுறையா விட்டுடாத" என்று அண்ணன் திறக்க முடிந்த மட்டும் வாயைத் திறந்தார்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. வளைந்த வேர், ஊசி பாதி இறங்கியிருந்தது. விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு சின்ன சொடுக்கு. வெளியே வந்தது நுனியில்லாத ஊசி. எக்ஸ்ரேயில் உடைந்த துண்டு வேரின் வளைவில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அப்படி ஊசியை உடைத்து அவருக்குப் பழக்கமில்லை. பக்கவாட்டில் இன்னொன்றை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. கெஞ்சுகிற மாதிரி மருந்தைவிட்டுக் கழுவி, மறுபடி, மறுபடி. அன்று பல்லோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. உதவிக்கு நின்ற நர்ஸ் துடைத்துவிட்டாள். துடைத்தது எல்லாம் வியர்வை இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, ஊசி உடைஞ்சு உள்ளயே தங்கிடுச்சு. எடுக்க வரல" என்றார்.

அண்ணன் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு மூக்கு வழியாகத்தான் வந்தது. "இருந்துட்டுப் போகட்டும். நீ குடுத்ததா என்கிட்ட ஒண்ணு இருக்கட்டுமே."

துண்டு கிடந்த இடத்துக்கு மேலே கழுவி, நிரப்பி, மூடினார். மூடி முடித்ததும் அண்ணன், நாற்காலியில் உட்காருகிற எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "எவ்வளவு நாளைக்கு வரும்?"

அதற்கு டாக்டரிடம் ஆயிரம் பேருக்குச் சொன்ன ஒரே பதில்தான் உண்டு. யோசிக்காமலே நாக்கு அதை எடுத்துவிட்டது. "ஆயுசு…" என்று தொடங்கி, அங்கேயே நின்றுபோனார்.

அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லு பாப்பா. ஆயுசுக்கும் வரும்னு சொல்லு. அது ஒண்ணுதான் பொய்யில்ல."

டாக்டர் எழுந்து குழாயைத் திறந்து, கையுறையோடே கையைக் கழுவிக்கொண்டு நின்றார்.

பல் வலி அதன்பிறகு வரவில்லை. மற்ற வலிகள் வந்தன. அண்ணி போனில் சொல்வதில் நல்ல செய்தி என்று அது ஒன்றுதான் இருந்தது: "இன்னிக்கு அந்தப் பக்கமா வச்சு நாலு வாய் ரொட்டி மென்னாரு." பிறகு கஞ்சி, பிறகு நனைத்த பஞ்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் போய்க் கட்டிலருகே உட்கார்ந்திருப்பார். கையில் கரண்டி இருக்காது. விரல்கள் சும்மா கிடக்கும். வலிக்கு மாத்திரை கொடுக்க அவர் தேவையில்லை, அதற்கு வேறு டாக்டர் வந்து போனார்.

ஒரு மத்தியானம் மாடியில் ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருக்கையில் போன் வந்தது. நர்ஸ் எடுத்துக் கேட்டுவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். டாக்டர் பார்த்தார். கையிலிருந்த ஊசியை வேரிலிருந்து மெல்லத் திருப்பித் திருப்பி வெளியே எடுத்து, மருந்து வைத்து அடைத்து, "நாளைக்கு வாங்க, மிச்சத்தை முடிச்சிடலாம்" என்று சொன்ன பிறகே எழுந்தார்.

வீட்டில் அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இறுகிய தாடை கடைசியில்தான் தளர்ந்திருந்தது. அண்ணி ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்து, "நீயே கட்டிடு. எனக்குக் கை வரல" என்றாள்.

டாக்டர் முழங்காலிட்டு உட்கார்ந்து, மோவாய்க்கு அடியில் துணியைக் கொடுத்து, இழுத்து, வலது காதோரத்தில் முடிச்சுப் போட்டார். எழுந்தார். ஓரடி வைத்தவர் திரும்பிக் குனிந்து, முடிச்சை அவிழ்த்து, வலது தாடையில் அழுந்தாதபடி உச்சந்தலைக்கு நகர்த்திக் கட்டினார்.