மாடிக்கு ஏறாத தண்ணீர்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராததற்கு எப்போதும் வானிலைதான் காரணம். வெயில் அடித்தால் ஊரே இரண்டு தரம் குளிக்கிறது, தண்ணீரில் வேகமில்லை. மழை கொட்டினால் ஆற்றில் சேறு, சுத்திகரிப்பு நிலையத்தையே மூடிவிடுவார்கள். கூரை மேல் அடைமழை, குழாயில் வெறும் காற்று. இந்தக் கேலிக்கூத்தைப் பொறுத்துக்கொள்ளும் எங்களுக்கும் வெட்கமில்லை.

அது கடும் வெயில் காலம். என் மனைவி கால் முறிந்து, மாவுக்கட்டோடு மாடி அறையில் கிடந்தாள். மூன்று வாரமாக அவள் கேட்டது ஒன்றுதான்: ஷவருக்கு அடியில் உட்கார்ந்து ஆசைதீர தலை முழுக வேண்டும். ஒரு சனிக்கிழமை, கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அவளை நாற்காலியில் உட்கார வைத்து, இன்றாவது வராதா என்று ஷவரைத் திறந்தேன். சளி பிடித்த மூக்கைப் போல ஒழுகியது. தலை நிறைய ஷாம்பு நுரையோடு அவள் காத்திருக்க, நான் வழக்கம்போல வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

எதிர்வீட்டுக்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். வாரம் மூன்று முறை அந்தப் பழைய தகரத்துக்கு அபிஷேகம் நடக்கும். எங்கள் தண்ணீரைக் குடிக்கும் பிசாசு இவர்தான் என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். வாளியோடு கேட்டுக்கு வெளியே போனேன்.

"அங்கிள், எங்க மாடிக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது. ஒரு நாள் குளிக்கலன்னா உங்க காரு செத்தா போயிடும்?"

"எங்க மாடியில நல்லா வருதே, தம்பி," என்றார் அவர். ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்து, எங்கள் கேட் ஓரத்துத் தண்ணீர் மீட்டர் பக்கம் குனிந்தார். "வால்வு பாதி மூடியிருக்கு லா. யாரு மூடினா?"

நான்தான். கடைசி மழையில் நின்றுபோன தண்ணீர் திரும்பி வந்தபோது தேத்தண்ணி நிறத்தில் வந்தது. சேறு வாஷிங் மெஷினுக்குள் போகக் கூடாதென்று வால்வை மூடினேன். தெளிந்ததும் பாதி திறந்து பார்த்தேன். மீதியைத் திறக்க மறந்துபோனேன். அப்போது அந்தப் பாதியே போதுமாக இருந்தது. வெயிலில் ஊரெல்லாம் தண்ணீர் பிடிக்கவும் மாடிக்கு எட்டவில்லை. இந்த மகா மேதைதான் மூன்று வாரமாக வாளி சுமந்தான்.

அவர் வால்வைத் திருப்பினார். மாடியில் ஷவர் சீறும் சத்தம் தெரு வரை கேட்டது.

மேலே ஓடினேன். அவள் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, நனைந்துகொண்டிருந்தாள்.

"எப்படி வந்துச்சு?" என்றாள்.

"வெயில் கொஞ்சம் கொறஞ்சிருக்கு போல."

தெருப்பக்கத்து ஜன்னல் திறந்தே இருந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"அங்கிளுக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க," என்றாள். "மன்னிப்பும் கேளுங்க."