ஏற்றத்தில் நிற்காத லொறி

என் அண்ணன் ஸஹாப்தீன் நானா பல்லேகமயில் ஒரு முதலாளியின் பழைய லொறியை ஓட்டினார். நெல் ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டி மாத்தளைக்குப் போவார். அதிகம் பேசமாட்டார். லொறியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பார்.

"இஞ்சினுக்கு இவ்வளவுதான் இழுவைன்னு ஒரு அளவு இருக்கு. பாரம் கூடுதுன்னு அது கூடாது. பாரம் ரெண்டு மடங்கானா, வேகம் எடுக்கிறது பாதியாப் போயிரும். பிரேக்கும் அப்படித்தான்."

அதனால் இறக்கத்திலும் மெதுவாகவே வருவார். வழியிலிருந்த மிளகுத் தோட்டத்தில் வேலை செய்த நாகமுத்து அவரைச் சீண்டாமல் விடமாட்டார்.

"என்ன நானா, இன்னைக்குப் போய்ச் சேருவீங்களா, இல்ல பெருநாளைக்கா?"

"அவசரம்னா மூட்டையத் தலையில வச்சிக்கிட்டு நீ ஓடு."

எண்பத்தொன்பதில், கிளர்ச்சியும் இரவு ஊரடங்குமாக இருந்த நாட்களில், பஸ்கள் நின்றுபோயிருந்தன. ஒரு பின்னேரம் நானாவின் மனைவி நூருன்னிஸா மதினிக்கு, மாதம் நிரம்பும் முன்பே இரத்தம் போகத் தொடங்கியது. சுணங்காமல் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் மருத்துவிச்சி. லொறியின் பின்னால் சாக்குகளை விரித்து மதினியைக் கிடத்தினோம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் ஆட்கள் கை காட்டினார்கள். இருட்டிய பிறகு ரோட்டில் நின்றவர்கள் வீடு திரும்புவது நிச்சயமில்லாத காலம் அது. நானா ஒவ்வொரு முறையும் நிறுத்தினார். நாகமுத்துவும் ஏறினார். கால் வைக்க இடமில்லை.

ஏற்றத்தில் லொறி முதல் கியரில் ஊர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. நானா மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தார். உறுமியதே தவிர அசையவில்லை. மதினியின் சேலை நனைந்துகொண்டே இருந்தது.

நானா இறங்கி வந்து பின்னால் நின்றார். மதினியைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார்.

"இறங்குன்னு சொல்றதுக்கு என்ன வெட்கம்?" என்று நாகமுத்து முதலில் குதித்தார். "வாங்கப்பா எல்லாரும். தள்ளிவிட்டுட்டு ஏறிக்குவோம்."

எல்லோரும் இறங்கினார்கள். பாரம் குறைந்தது, அவர்களுடைய கைகளின் பலமும் சேர்ந்தது. லொறி குலுங்கி நகர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது. தள்ளியவர்கள் முதலில் நடந்தார்கள், பிறகு ஓடினார்கள், பிறகு கைகளுக்குப் பலகை எட்டவில்லை.

"நானா, நிறுத்துங்க! ஏறிக்கிறோம்!"

அவர்களை ஏற்றினால் லொறி மறுபடியும் அசையாது. மேலே போய்க் காத்திருக்கலாம் என்றால் உச்சி இன்னும் வெகுதூரம். மதினியின் முகம் வெளுத்துவிட்டது. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் பலகையைத் தட்டினால் நானா நிறுத்திவிடுவார். கையைத் தூக்கினேன். மதினி என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். நான் தட்டவில்லை. வளைவு வரும்வரை நாகமுத்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

மதினி பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை.

மறுநாள் ஊரடங்கு நீங்கியதும் நானா தனியாக லொறியில் போனார். ஏற்றத்தில் ஒருவரும் இல்லை. ஊரில் விசாரித்தார். சிலர் நடந்தே வீடு சேர்ந்திருந்தார்கள். நாகமுத்து சேரவில்லை. அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

திரும்பி வந்து ஆஸ்பத்திரி மதிலோரம் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெறும் லொறி, என்ன லேசா ஏறுது தெரியுமா."