ஈரம் தெரியாம எடுங்க மேடம்

விற்கப்போகும் வீட்டை விளம்பரத்துக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். கழுவாத மூஞ்சிக்குப் பவுடர் போடும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு மஞ்சள் நீராட்டும் வளைகாப்பும் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதையெல்லாம் அவரவர் செல்போனிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டை மட்டும் அவர்களே எடுப்பதில்லை. எடுத்தால் உள்ளது உள்ளபடி விழுந்துவிடுகிறதாம்.

ஊர் வீட்டையெல்லாம் படம் பிடிக்கும் எனக்குச் சொந்த வீடு கிடையாது. ஒன்பது வருஷத்தில் ஆறு வீடு மாறியாயிற்று. ‘பையன் வரான்’, ‘இடிச்சுக் கட்டப் போறோம்’ என்று ஒவ்வொரு ஓனரும் ஒரு கதை சொல்லிக் கிளப்பினார். இப்போது இருப்பது செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளிக்கூடம் அடுத்த தெரு. அவள் பரீட்சை முடியும்வரை யாரும் எங்களைக் கிளப்பக் கூடாது என்பதுதான் என் ஒரே வேண்டுதல். வாடகை வீட்டில் குடியிருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

தொட்டி மேல் தரிசனம்

திருவண்ணாமலையில் வீட்டுக்கு அடுப்படி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மலை தெரிய வேண்டும். தெரிந்தால் ஒரு விலை, தெரியாவிட்டால் வேறு விலை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு புரோக்கர் என்னை அழைத்துப்போன வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் லாட்ஜுகள். மொட்டை மாடியில் நின்றால் அவர்கள் காயப்போட்ட துண்டுகள் தெரிந்தன. மலையைக் காணோம்.

புரோக்கர் ஓர் ஏணியைக் கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டியில் சாத்தினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேமராவோடு ஏறினேன். இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மலை இருந்தது. வாங்குகிறவர் தொட்டி மேலா குடித்தனம் நடத்துவார் என்று மேலிருந்தபடியே கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: “கஷ்டப்படாம மலையப் பாத்தா புண்ணியம் கம்மி மேடம்.”

பட்டுப்புடவைக் குடும்பம்

ஆள் இல்லாமல், சாமான் இல்லாமல் எடுத்தால்தான் அறை பெரிதாகத் தெரியும். நான் இதைச் சொல்லாத வீடும் இல்லை, கேட்ட வீடும் இல்லை. அடி அண்ணாமலையில் ஒரு வீட்டுக்குப் போனபோது ஏழு பேர் பட்டு கட்டி, பூ வைத்துக் கூடத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். சரி, ஒரு படம் எடுத்துவிட்டால் நகர்ந்துவிடுவார்கள் என்று எடுத்தேன். நான் அடுப்படிக்குப் போனால் மாமியாரும் மருமகளும் எனக்கு முன்னால் போய்க் கரண்டியோடு நிற்கிறார்கள். பாத்ரூம் கதவைத் திறந்தால் உள்ளே வீட்டுப் பெரியவர் கைகூப்பி நிற்கிறார்.

வாங்குகிறவர் வீட்டைத்தான் வாங்கப்போகிறார், உங்களை இல்லை என்று கடுப்போடு சொன்னேன். பெரியவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “ஆளில்லாம எடுத்தா ஜப்தி பண்ண வீடு மாதிரி இருக்கும்மா. நாங்க நிக்கறோம், நீ எடு.”

பதினோரு காலண்டர்

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வீட்டில் படுக்கையறைச் சுவர் முழுக்கக் காலண்டர். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒன்றில்கூட இந்த வருஷம் இல்லை. பின்பக்கம் பாத்ரூம் குழாய் கசிந்து சுவர் ஊறிக்கொண்டிருந்தது. கொத்தனாரைக் கூப்பிட வேண்டிய இடத்தில் மனிதர் ஆணியும் சுத்தியும் எடுத்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் கோப்புக்கு மேல் கோப்பு வைத்து மூடிய பழக்கம், வேறென்ன.

பார்க்க நன்றாக இல்லை, கழற்றிவிடுங்கள் என்றேன். மறுத்துவிட்டார். எப்படியோ எடுத்து அனுப்பினேன். நாலாம் நாள் போன் செய்து மறுபடியும் வரச் சொன்னார். போனால் வாசலிலேயே காத்திருந்து, ரகசியம் போலச் சொன்னார்: “அந்த முருகர் காலண்டர ஒரு சாண் கீழ எறக்கிட்டேன். ஈரம் தெரியாம எடுங்க மேடம்.”

ஏழாவது வீடு

என் ஓனர் மகனோடு பெங்களூரில் இருக்கிறார். ஒருநாள் போனில் வந்தார். “வீட்ட குடுத்துடலாம்னு இருக்கேம்மா. நீயே நல்லதா நாலு போட்டோ எடுத்து அனுப்பிடு. உன்ன விட்டா யாரு இருக்காங்க?” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கழுத்துக்கு என்னையே கயிறு திரிக்கச் சொல்கிறார்.

இந்த வீட்டில் காலை ஏழு மணிக்குக் கிழக்கு ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தில் எடுத்தால் குடிசையும் பங்களாவாகும். எனக்குத் தெரியாதா? அதனால் உச்சி வெயிலில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு எடுத்தேன். அடுப்படிச் சுவரின் ஈரத்தைக் கிட்டப்போய் எடுத்தேன். வாசல் நிலைக்கு மேலிருந்த விரிசல், துருப்பிடித்த குழாய், கொடியில் எங்கள் ஈரத்துணி, எதையும் விடவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. மகளின் புத்தகப் பையைப் பார்த்தேன், வெட்கம் போய்விட்டது. ஓனருக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. வந்ததை அப்படியே விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டார்.

பத்தே நாளில் சென்னையிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்து நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட வந்தவர். கையில் என் படங்கள், அச்செடுத்து. அடுப்படிக்குப் போய் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார், நிலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார், ஒவ்வொன்றாக டிக் போட்டார். ஒழிந்தது பீடை என்று காபி கலக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “பத்து வீடு பாத்துட்டோம்மா. எல்லாத்துலயும் போட்டோ ஒண்ணு, வீடு ஒண்ணு. இங்கதான் ஈரம் போட்டோல இருக்கற எடத்துலயே இருக்குது. நம்பி வாங்கலாம். நீங்க எப்ப காலி பண்றீங்க?”

இப்போது பரீட்சைக்கு முன்னால் ஒரு வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். படம் அழகாக இருந்தால் அந்தப் பக்கமே போவதில்லை.