வாத்துக்காரம்மா

தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டின் கீழே, பச்சை வேர்க்கடலைக் கூடையின் முன்னால் குனிந்து நின்று ரத்தினபாய் சொத்தைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். சுருங்கியது, கறுத்தது, முனையில் பச்சை படர்ந்தது. ஒவ்வொன்றையும் விரலால் பிளந்து உள்ளே பார்த்துவிட்டுக் காகிதப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். நல்ல கடலையைத் தொடுவதில்லை. விலையை மட்டும் நல்ல கடலைக்கு உண்டானதாகவே கொடுத்துவிட்டுப் போகிறார்.

"துட்டு குடுத்து சொத்தை வாங்கிக்கினு போற ஆளை வேற எங்கியும் பார்த்ததில்ல சார்," என்கிறார் கடலைக்காரர் முனிரத்தினம். "இதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்னு சொல்லும். கேட்டா உடம்பு ஒரு மாதிரி ஆயிடுது. அது அந்தாண்ட போனதும் கூடைக்கு ஒரு சூடம் காட்டிடுவேன்."

ரத்தினபாய்க்கு நாற்பதைத் தாண்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரும்புலியூரில் தம்பி வீட்டு மாடியில் இருக்கிறார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குக் குளோரோபாரம் வாசனை மெல்லியதாக வரும். எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் ஜன்னலைத் திறப்பார்கள். விருந்துக்குப் போனால் கடலைச் சட்னியை வேண்டாம் என்று சொல்லமாட்டார். இலையில் வைத்த பிறகு ஓரமாக நகர்த்திவிட்டுச் சாப்பிடுவார். அதைப் பார்த்துவிட்டால் பந்தியில் மற்றவர்களுக்கும் சட்னி இறங்காது.

அவர் வேலை பார்ப்பது சானடோரியம் பக்கம், வேப்பமரங்களுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில். ஈரம் பட்ட வேர்க்கடலையில் பூக்கும் ஒரு பச்சைப் பூஞ்சையும், அது சுரக்கும் விஷமும்தான் அவருடைய ஆராய்ச்சி. சீமையில் வான்கோழிகள் பண்ணை பண்ணையாகச் செத்து விழுந்தபோதுதான் தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்து இப்படி ஒரு விஷம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு மணம் இல்லை, ருசியும் தெரியாது. வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. உடம்புக்குள் போனால் ஈரலில் உட்கார்ந்துகொள்ளும். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் மட்டும் நீலமாக ஒளிரும்.

ஆனால் நீலமாக ஒளிர்வதெல்லாம் விஷம் ஆகிவிடாது. நிச்சயப்படுத்த ஓர் உயிர் வேண்டும். வாத்துக்குஞ்சின் ஈரல் இந்த விஷத்தைக் கொஞ்சமும் தாங்காது. அதனால் செம்பாக்கம் ஏரிக்கரையில் வாத்து வளர்க்கும் சுப்பராயலுவிடமிருந்து, பொரிந்த அன்றே குஞ்சுகள் கூடையில் வந்து இறங்கும். வாத்துக்குஞ்சு கண் திறந்ததும் எது நடமாடுகிறதோ அதையே தாயென்று எடுத்துக்கொள்ளும். இது தெரிந்த ரத்தினபாய், அவை தன்னைத் தாயாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று, அனுப்புவதற்கு முன்னால் சுப்பராயலுவையே அவருடைய முகத்தைக் குஞ்சுகளுக்குக் கொஞ்ச நேரம் காட்டிவிடும்படி கேட்டுக்கொண்டார். அவரும் காட்டித்தான் அனுப்பினார். பயனில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் இறங்கியதும் குஞ்சுகள் இவருடைய செருப்புச் சத்தத்துக்குப் பின்னால் வரிசை கட்டி நடந்தன. அலகைப் பிரித்து விஷச் சாற்றைச் சொட்டு விடுவதும் இவர்தான்; விட்ட பிறகு குளிருக்கு அவை ஏறிப் படுப்பதும் இவர் மடியில்தான்.

தெருவில் அவருக்கு வாத்துக்காரம்மா என்று பெயர் விழுந்தது அறுபத்தேழாம் வருடத்து மழைக்காலத்தில்.

அப்போது இரும்புலியூரில் ஒரு தேவாலயத்துக்காரர்கள் ஏழைப் பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கூடம் நடத்திவந்தார்கள். பொறுப்பு பள்ளி ஆசிரியர் சத்தியநாதனுக்கு. எண்ணெய் எடுத்த கடலையை வறுத்து அரைத்த மாவு மூட்டை மூட்டையாகத் தானமாக வந்திருந்தது. ஓட்டைத் தகரக் கூரையின் கீழே அது அடுக்கப்பட்டிருந்ததைத் தேவாலயத்துக்குப் போன ரத்தினபாய் பார்த்தார். அடிமூட்டை சுவரின் ஈரத்தை இழுத்துக் கறுத்திருந்தது. கஞ்சி காய்ச்சும் கிருபாவிடம் ஒரு கைப்பிடி மாவு வாங்கிக்கொண்டு போனார். கிருபாவின் மூன்று வயது மகன் தயாளன் அப்போது அடுப்படியில் உட்கார்ந்து கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தான். தாய் காய்ச்சுகிற இடம் என்பதால் அவனுக்குத் தினமும் ஒரு கரண்டி கூடுதல்.

ஆராய்ச்சிக்கூடத்து இருட்டறையில் மாவின் சாறு, நிலாவைக் கரைத்து ஊற்றியதுபோல நீலமாக எரிந்தது. ரத்தினபாய் அன்றே சத்தியநாதனிடம் போய்ச் சொன்னார்.

சத்தியநாதன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் எடை ஏறியிருக்கிறார்கள், மாவு நல்ல வாசனையாக இருக்கிறது, எதைச் சொல்லி நிறுத்துவது என்று அவர் கேட்டார். மறுநாள் மத்தியானம் ரத்தினபாய் விளக்கையே தூக்கிக்கொண்டு வந்து, மாவு அறையின் கதவையும் ஜன்னலையும் அடைக்கச் சொல்லிப் போட்டுக் காட்டினார். தட்டில் பரப்பிய மாவில் அங்கங்கே நீலப் புள்ளிகள் முழித்துக்கொண்டன. பெண்கள் பின்வாங்கினார்கள். ஆனால் அதைவிடப் பிரகாசமாக இன்னொன்று இருட்டில் தனியாக மிதந்தது: தலையும் கையும் இல்லாத ஒரு சட்டை. புதிதாகக் கடைக்கு வந்திருந்த வெளுப்புப் பொடி போட்டுத் துவைத்த சத்தியநாதனின் சட்டை அது.

"அப்போ என் ஷர்ட்டும் விஷமா, ரத்தினபாய்?" என்றார் சத்தியநாதன். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

இல்லை, அந்தப் பொடியும் இந்த விளக்கில் இப்படித்தான் ஒளிரும் என்றார் ரத்தினபாய். விளக்கு சந்தேகத்தைத்தான் காட்டும், சாட்சி சொல்லாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அப்படியானால் நிச்சயமாகத் தெரியட்டும், அதுவரை கஞ்சி நடக்கட்டும் என்று முடிவாயிற்று. வெளியே வந்ததும் கிருபாவைத் தனியாகக் கூப்பிட்டு, பையனுக்கு மட்டுமாவது கொடுக்காதே என்று கெஞ்சினார்.

"பசிக்குதுன்னு கிண்ணத்தை நீட்டுதுக்கா. வூட்லயும் ஒண்ணும் இல்ல. நான் இன்னா சொல்லட்டும்?" என்றாள் கிருபா.

அடுத்த நாள் ரத்தினபாய் இரண்டு கூடை வாத்துக்குஞ்சுகளோடு கஞ்சிக்கூடத்துக்கு வந்தார். ஒரு கூடைக்கு நொய்யரிசி, மற்றதற்கு அந்த மாவு. எல்லோருடைய கண்முன்னாலும் வைத்தார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். காலையில் திறந்துவிட்டால் இரண்டு கூடைக் குஞ்சுகளும் ஒரே கூட்டமாக ரத்தினபாய்க்குப் பின்னால் வளாகத்தைச் சுற்றிவரும். அவற்றின் பின்னால் பிள்ளைகள் கிண்ணங்களோடு சுற்றிவருவார்கள்.

பிறகு மாவு தின்ற குஞ்சுகள் பின்னால் வருவதை விட்டுவிட்டன. ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றன. ரத்தினபாய் "பா, பா" என்று கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்பின. ஒருநாள் காலையில் முதல் குஞ்சு விழுந்தது. கால்கள் பின்பக்கம் விறைத்து நீள, கழுத்து முதுகோடு ஒட்டும்படி வளைந்து, தலைகீழாக வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. சாயங்காலத்துக்குள் மற்றவையும் அதே மாதிரி, யாரோ எடுத்து வளைத்து வைத்ததுபோலக் கிடந்தன. நொய் தின்றவை அவற்றின்மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தன.

சத்தியநாதன் வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியைத் தாமே தூக்கிக் குழியில் கொட்டினார். மூட்டைகளைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் கஞ்சிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வயிறு வீங்கி இறந்துபோனார்கள். காய்ச்சல் என்றார்கள் டாக்டர்கள். மாவுதான் காரணமா என்று கேட்டவர்களிடம் ரத்தினபாய், "எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்," என்றார். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார். ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. அவர் தெருவில் வந்தால் பெண்கள் பாத்திரத்தை மூடுகிறார்கள். ஒரு குழந்தையை அவர் சற்றுக் கூடுதலாகப் பார்த்துவிட்டால் தாய் அதைப் புடவைக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறாள். இதெல்லாம் தெரிந்து, ரத்தினபாய் தரையைப் பார்த்தே நடக்கிறார்.

தயாளனுக்கும் கண் மஞ்சளாகி வயிறு உப்பிவிட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தான். பிழைத்துக்கொண்டான், இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவனை வீட்டுக்கு அனுப்பிய அன்று, கிருபா ரயிலிலிருந்து இறங்கி நேராக ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் வந்தாள்.

"உன் லைட்டைப் போட்டுப் பாருக்கா," என்றாள். "உள்ள அந்த வெஷம் இன்னும் கீதா, போயிடுச்சான்னு சொல்லு."

அந்த வெளிச்சம் தோலைத் தாண்டி உள்ளே போகாது, அதில் ஒன்றும் தெரியாது என்று ரத்தினபாய் விளக்கினார். கிருபா நகரவில்லை. என் கையாலதானே ஊட்டினேன், பார்க்காம எப்படிக்கா தூங்குவேன் என்று மட்டும் கேட்டாள். ரத்தினபாய் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டார்.

கண்கள் குழிந்து, பையனின் முகம் கருநீலமாகத் தெரிந்தது. அவன் விளக்கை வேடிக்கை பார்த்தான். பிறகு சிரித்தான். இருட்டுக்குள் அவன் பால் பற்கள் வரிசையாக நீலத்தில் எரிந்தன.

கிருபா மூச்சை இழுத்தது கேட்டது. சுவரில் அவள் முதுகு மோதியதும் கேட்டது.

ரத்தினபாய் சட்டென்று பையனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். அவன் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தன் முகத்தையும் வெளிச்சத்துக்குள் நீட்டி, கிருபாவைப் பார்த்து, பற்கள் அத்தனையும் தெரிய வாயை அகலத் திறந்து காட்டினார். கடலைச் சட்னியைக்கூடத் தின்னாத அவர் பற்களிலும் அதே நீலம்.