உருண்டைக்கல் தங்கையா

1988 நவம்பர் 17 — 118 மி.மீ.
1999 அக்டோபர் 30 — 126 மி.மீ.
2009 மே 3 — 109 மி.மீ.
2022 நவம்பர் 21 — 131 மி.மீ.
தொடர்ந்து நாற்பது நாளில் மிக அதிகம், 1999 அக்டோபர் 2 முதல் நவம்பர் 10 வரை — 912 மி.மீ.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மழைமானியில் நான் கண்ட பெரிய மழைகள் இவை. ஆபீஸில் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற பிறகும் மழைமானியும் தபால் பையும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. 2023 ஜனவரி 9 அன்று தங்கையா என் வீட்டுக்கு வந்து கேட்டது இந்தக் கணக்கைத்தான். நாற்பது நாள் கணக்குத்தான் அவனுக்கு முக்கியம். நோவா காலத்தில் நாற்பது நாள் பெய்த மழையில் உலகத்து மலைகள் எல்லாம் மூழ்கின, அது நடந்து ஐயாயிரம் ஆண்டுகூட ஆகவில்லை, உலகத்துக்கே வயது ஆறாயிரம்தான் என்பது அவன் கட்சி.

912 மில்லிமீட்டர் என்றால், ஒரு சொட்டும் ஓடாமல் நின்றாலும் இடுப்பளவு தண்ணீர். எங்கள் பக்கத்துப் பிரிஞ்சாங் மலையே இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். இதைச் சொன்னதும் அவன் முகம் இறுகியது.

"வானத்து மழ மட்டும்னு யாரு சொன்னா கிராணியாரே? பூமிக்கு அடியிலருந்தும் பொங்குச்சு."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட மழக் கணக்குக் கேட்டு வந்த?"

அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தங்கையா 1961இல் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். 1979இல் புல் வெட்டும் வேலையில் சேர்ந்தான். பிறகு மருந்து அடித்தான். பிறகு லோரி ஓட்டினான். வேலையில் குறை சொல்ல முடியாது. குடியில்தான் குறை. சம்சுச் சாராயம் குடித்துவிட்டு விழுந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டான். தோட்டத்தில் ஒரு விதி உண்டு. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது மூன்று நாள் சொல்லாமல் வராதவன் பெயரை நான்காம் நாள் வெட்ட வேண்டும். பெயர் வெட்டப்பட்டவன் திரும்பி வந்தால் புது ஆள். பழைய சர்வீஸ் அத்தோடு போனது. 1996இல் அவன் பெயரை வெட்டியவன் நான்தான். விதி சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். மனைவி மாரியம்மா கொழுந்து பறித்ததால் வீடு தப்பியது.

1998இல் பக்கத்து டவுன் தானா ராத்தாவிலிருந்து வந்த ஒரு போதகர் அவனை ஜெபத்துக்கு அழைத்துப் போனார். குடி நின்றது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. இதை நான் எழுதாவிட்டால் பொய்யனாவேன். மறுபடி பெயர் பதிந்து, லோரி ஓட்டி, 2021இல் ஓய்வு பெறும்வரை ஒரு நாள் தவறவில்லை. மாரியம்மா இறந்தபோது மகள் மலருக்கு வயது பதினொன்று. அவளைத் தினமும் தானா ராத்தா பள்ளிக்கு மோட்டாரில் ஏற்றிப் போய், ஏற்றி வந்து, பல்கலைக்கழகம்வரை படிக்க வைத்தான். ஓய்வுக்குப் பிறகு வீட்டை ஒட்டித் தகரம் போட்டு ஒரு ஜெப அறை கட்டினான். எங்கிருந்தோ ஒரு வண்ணப் புத்தகம் கிடைத்தது. தேயிலை மலையெங்கும் ஆனைக்குட்டி மாதிரி கிடக்கும் உருண்டைக் கற்களைக் காட்டி, இவை வெள்ளம் உருட்டிக் கொண்டுவந்து போட்டவை என்று ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினான். தோட்டம் அவனுக்கு உருண்டைக்கல் என்று பட்டம் வைத்தது.

மலர் படித்தது நிலவியல். ஈப்போவில் மலைச் சரிவுகளைச் சோதிக்கும் நிறுவனத்தில் வேலை. 2022 கிறிஸ்துமஸுக்கு வந்தவள், பிள்ளைகள் முன்னாலேயே, அப்பா சொல்வது சரியில்லை, அந்தக் கற்கள் எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கெட்டிக்காரி. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது மட்டும் தெரியாதவள்.

அப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை குணாளன், அவளோடு வேலை செய்பவன். நாள் 2023 ஜூன் 10. தாய் இல்லாத பெண். கையைப் பிடித்துக் கொடுக்க அப்பா ஒருவன்தான். தங்கையா ஒரு நிபந்தனை போட்டான். ஜெப அறையில், அதே பிள்ளைகள் முன்னால், தான் சொன்னது தப்பு என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னால் கல்யாணத்துக்கு வருவான், இல்லாவிட்டால் இல்லை. இனிமேல் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன், ஆனால் தப்பு என்று சொல்ல மாட்டேன் என்றாள் மலர். அது போதாது என்றான்.

இந்தச் சண்டையில் கோயில் கமிட்டிச் செயலாளர் புனிதனுக்கு லாபம் தெரிந்தது. தங்கையா மதம் மாறிய நாளிலிருந்து அவனுக்கு ஆத்திரம். அப்பாவும் மகளும் தோட்ட மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் பேசட்டும் என்று இரண்டு பக்கமும் போய் ஏற்றிவிட்டான். கூட்டத்தின் முன்னால் மகள் பணிவாள் என்று தங்கையா நம்பினான். கூட்டத்தின் முன்னால் அப்பாவுக்குப் புரியவைத்துவிடலாம் என்று மலர் நம்பினாள். ஏப்ரல் 16, ஞாயிறு, பிற்பகல். நேரம் பார்க்க என்னை உட்கார வைத்தார்கள். குறிப்பும் எடுத்தேன்.

மலர் முதலில் பேசினாள். ஆலைக்குப் போகும் சாலையில் மண் வெட்டிய இடத்தை எல்லோருக்கும் தெரியும். அங்கே எடுத்த பெரிய படம் ஒன்றைச் சுவரில் ஒட்டினாள். உருண்டைக் கல் ஒன்று; அதன் குறுக்கே கைவிரல் அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு கல்லோடு நிற்கவில்லை. இரண்டு பக்கமும் செம்மண்ணுக்குள் நேராகத் தொடர்ந்து போனது. சுற்றியிருக்கும் மண்ணும் ஒரு காலத்தில் கல்தான், மழையும் காலமும் அதை வெங்காயம் உரிப்பது போல உரித்து மண்ணாக்கிவிட்டது, உரியாமல் மிஞ்சிய நடுப்பகுதிதான் இந்த உருண்டை என்றாள். உருண்டு வந்து விழுந்த கல்லாக இருந்தால் கோடு எப்படி மண்ணிலும் தொடரும் என்று கேட்டாள். இவ்வளவு மண்ணாக உளுத்துப்போக ஆறாயிரம் ஆண்டு எந்த மூலைக்கும் காணாது என்றாள்.

தங்கையா எழுந்தான். படத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கல்லு உளுத்தப்ப நீ கூட நின்னு பாத்தியாம்மா?"

"இல்லப்பா. வெள்ளம் வந்தப்ப நீங்க நின்னு பாத்தீங்களா?"

மண்டபம் சிரித்தது. முதல் மனிதனைக் கடவுள் குழந்தையாகவா படைத்தார், வளர்ந்த ஆளாகத்தானே படைத்தார், அதே போல மலையையும் மண்ணையும் பழசாகவே படைத்திருக்கலாமே என்றான் தங்கையா. அப்படியானால் வெள்ளம் எதற்கு, கல் உருண்டது எதற்கு என்று மலர் திருப்பிக் கேட்டாள். பின்னாலிருந்து யாரோ, உருண்டைக்கல்லே உருண்டுடுச்சுலா என்றான். தங்கையாவின் குரல் உயர்ந்தது. எழுதி வைத்த வயதுதான் வயது, வேதத்தில் எழுதாத காலம் ஒன்று இருந்ததே இல்லை என்றான்.

மலர் சற்று யோசித்தாள். யோசித்த பிறகும் சொன்னாள்.

"ஆபீஸ் புஸ்தகத்துல உங்க சர்வீஸ் தொண்ணூத்தெட்டுலதான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி பதினேழு வருசம் எழுத்துல இல்ல. அப்ப அந்தப் பதினேழு வருசம் நீங்க உழைக்கவே இல்லியாப்பா?"

அந்தப் பதினேழு வருஷத்துக்காக ஓய்வு பெறும்போது அவன் தொழிற்சங்கத்தைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் படி ஏறி இறங்கியது எல்லோருக்கும் தெரியும். கிடைக்கவில்லை என்பதும் தெரியும். ஏன் வெட்டினார்கள் என்பதும் தெரியும். புனிதன் ஒலிபெருக்கியிலேயே, "அது சம்சு யுகம்" என்றான். அன்றைக்கு வந்த சிரிப்பில் அதுதான் பெரியது.

தங்கையா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான்.

"நான் விழுந்து கெடந்த காலத்த எடுத்து ஊருக்கு முன்னாடி வச்சிட்ட."

"நான் அதச் சொல்லலப்பா. நீங்க உழைச்சதச் சொன்னேன்."

"சனத்துக்கு எது கேட்டுச்சோ அதுதான் நீ சொன்னது."

அவன் வெளியே போனான். அவனோடு வந்த ஐந்தாறு பேரும் போனார்கள். புனிதன் மலரைப் பாராட்டி, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் முனியாண்டிக் கல் எல்லாவற்றுக்கும் மூத்தது, தானாக எழுந்தது என்று இப்போது சபைக்குச் சொல்லும்படி கேட்டான். அதுவும் அதே கல்தான் அண்ணே, அதே மாதிரி மிஞ்சினதுதான் என்றாள் மலர். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். அவளுக்கு ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

அன்று மாலையும் மறுநாள் காலையும் அவள் அப்பா வீட்டு வாசலில் நின்றாள். அவன் கதவைத் திறக்கவில்லை. உள்ளே ஜெபம் செய்யும் சத்தம் கேட்டது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். பிற்பகல் பஸ்ஸில் அவள் ஈப்போ திரும்பினாள்.

கைப்பேசியில் அவள் எண்ணை அவன் தடுத்துவிட்டான். அதனால் கடிதம் எழுதத் தொடங்கினாள். எங்கள் தோட்டத்தில் லயத்துக்குத் தபால்காரர் போவதில்லை. எல்லாக் கடிதமும் ஆபீஸ் பைக்கு வரும், நான் பிரித்துக் கொடுப்பேன். கல்யாணப் பத்திரிகை மே 11 வந்தது. தங்கையா வந்து, உறையைத் திறக்காமல், திருப்பி அனுப்பு என்று அதன் மேலேயே எழுதி என் மேசையில் வைத்தான். திறந்தாவது பார்க்கச் சொன்னேன். உங்க வேலை பிரிச்சுக் குடுக்கறதுதான் கிராணியாரே, படிக்கச் சொல்றது இல்ல என்றான். அது சரிதான்.

ஜூன் 10 அன்று மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மத்தியானம்வரை துடைத்தான். எங்கும் போகவில்லை. குணாளனின் பெரியப்பா கையைப் பிடித்துக் கொடுத்ததாக, போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகும் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றையும் அவன் அதே போலத் திருப்பினான். ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகள் வருவது நின்றது. சம்சு யுகம் என்று வாசலில் கத்திவிட்டு ஓடினார்கள். அவன் அவர்களைத் திட்டவில்லை. கற்கள் உருண்டு வந்தவை என்பதை விடவும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் முன்னைவிடச் சத்தமாகச் சொன்னான்.

இப்போதும் தபால் பை வரும் நேரத்தில் ஆபீஸுக்கு வருகிறான். சன்னலுக்கு வெளியே நின்று, வந்துச்சா என்று கேட்கிறான். இல்லை என்கிறேன். "வந்தா சொல்லுங்க, திருப்பி அனுப்பணும்" என்கிறான். நேற்றும் வந்தான். மழை பெய்துகொண்டிருந்தது. பை காலியாகும்வரை நின்றான்.

மலரிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது 2024 மார்ச் 12.